சத்தார் பாயின் நாக்கு

எங்கள் பட்டைக் கிடங்குத் தெருவில் சத்தார் பாய் யாரையெல்லாம் நம்பவில்லை என்று சொல்லி முடிக்க ஒரு நாள் போதாது. உப்புக்கடைக்காரன் உப்பில் மணலைக் கலக்கிறான் என்பார். பால்காரியின் மாட்டுக்கு ஏரிதான் மடி என்பார். பள்ளிவாசல் கடிகாரத்தைக்கூட நம்பாமல், வெயில் நிழலை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் தொழப் போவார். மகள் ஜஹீதாவுக்குக் கலவை ஊரில் மாப்பிள்ளை பார்த்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் மூன்று தரம் அந்த ஊருக்குப் போய், மாப்பிள்ளை வீட்டு மாட்டுக்கொட்டகை வரைக்கும் பார்த்துவிட்டு வந்தார். கல்யாணம் ஆன பிறகும் ஒரு தரம் போய்ப் பார்த்தார்.

அவர் சந்தேகப்படாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அது அவருடைய நாக்கு. அதை நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

ஆம்பூர்த் தோல் ஷாப்பில் அவருக்கு வேலையே நாக்கால்தான். ஆவாரம் பட்டையை இடித்து ஊறப்போட்ட தொட்டிகள் இருபதுக்கு மேல் வரிசையாக இருக்கும். ஆட்டுத்தோல் முதலில் இளசான பட்டைத் தண்ணீரில் கிடந்து, பிறகு ஒவ்வொரு தொட்டியாக ஏறி, கடைசியில் கடும் துவர்ப்பில் போய் விழ வேண்டும். எந்தத் தொட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க எங்களிடம் கருவி ஏதும் கிடையாது. காலையில் சத்தார் பாய் வருவார். கொட்டாங்கச்சியில் ஒரு வாய் மொண்டு நாக்கில் உருட்டித் துப்புவார். துவர்ப்பு பிடித்தால் "ஏறியிருக்கு" என்பார். பிடிக்காவிட்டால் "செத்த தண்ணி, பட்டை போடு" என்பார். முதலாளியிடமே எதிர்த்துப் பேசுகிற மேஸ்திரி சர்தார் பாஷா, சத்தார் பாய் துப்பி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு நின்று தோல் இழுத்த என்னைப் போன்றவர்களைவிட அவருக்கு இரட்டைக் கூலி. காலும் நனையாது.

சந்தேகம் அவருக்குப் பிறவிக்குணம் இல்லை. பிளேக் காலத்தில் அவருக்குப் பத்து வயது. நோட்டுப் புத்தகத்தோடு நாலு பேர் தெருவுக்கு வந்து, வீட்டில் எத்தனை பேர், யாருக்குக் காய்ச்சல் என்று தேன் ஒழுகப் பேசிக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பையன் உள்ளது உள்ளபடி சொன்னான். மறுநாள் வண்டி வந்தது. அவன் அம்மாவை ஊருக்கு வெளியே போட்டிருந்த கொட்டகைக்குக் கொண்டு போனார்கள், வீட்டுக் கூரையிலிருந்து ஓடுகளைப் பிரித்துப் போட்டார்கள். அம்மா திரும்பி வரவில்லை. "நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா அவ வூட்டுலயே செத்திருப்பா" என்று ஒரு தரம் என்னிடம் சொன்னார். இதைச் சொல்லும்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. குரல் மட்டும் பத்து வயதுப் பையனுடையது.

அப்படிப்பட்டவர் இருக்கிற தெருவுக்கு, முப்பத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில், நோட்டுப் புத்தகமும் கையுமாக ஒருவன் வந்து சேர்ந்தான்.

பெயர் கோதண்டராமன். ஒடுகத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். பட்டணத்தில் பி.ஏ. படித்தவன். தெருக்கோடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, பாயும் பெட்டியுமாகக் குடியேறிவிட்டான். பட்டணத்தில் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து ஒரு சபை வைத்திருக்கிறார்களாம். படித்த பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் உபகாரச் சம்பளம் கொடுத்து, ஊர் திரும்பிப் பார்க்காத தெருவாகப் பார்த்து அனுப்புவார்களாம். அங்கேயே இருந்து, அந்தத் தெருவுக்கு எது அவசரமோ அந்த ஒரு காரியத்தை முடித்துக் கொடுக்க வேண்டுமாம். காரியத்துக்கான செலவும் சபையுடையதாம்.

நாங்கள் கேட்டுக்கொண்டோம். ஒருவரும் நம்பவில்லை.

"உபகாரத்துக்கு எவண்டா சம்பளம் குடுப்பான்?" என்றார் சத்தார் பாய். "சோழியன் குடுமி சும்மா ஆடாது. எழுதிக்கினு போவான், பின்னாலயே வரி வரும்."

முனிசிபாலிடி ஆள் என்றார்கள் சிலர். கூலி உயர்வு கேட்கப் போகிறவர்கள் யார் யார் என்று பார்க்க முதலாளி வைத்த ஒற்றன் என்றார்கள் சிலர். என் பங்குக்கு நானும், இவன் கதை எழுதுகிறவனாக இருப்பான், நம்மைப் பற்றி எழுதி விற்கப் போகிறான் என்று சொல்லி வைத்தேன். அவனோ வீடு வீடாக வந்து கேட்டதெல்லாம் ஒரே விஷயம்தான். தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், போன கோடையில் எத்தனை குழந்தைக்குப் பேதி, எத்தனை குழந்தை பிழைத்தது. என் தங்கை தனகோடி அவன் முகத்துக்கு எதிரிலேயே கதவைச் சாத்தினாள்.

எங்களுக்கு இருந்தது ஒரே கிணறு. தோல் ஷாப்பின் பின்சுவரை ஒட்டி, பள்ளத்தில் இருந்தது. தொட்டித் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் இருபது அடி தள்ளிப் போகும். அந்தக் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாக இருக்கும், குடித்தால் நாக்கை லேசாகப் பிடிக்கும். அதைச் சத்தார் பாய் மெச்சிக்கொள்வார். "தண்ணின்னா ஒரு பிடிப்பு வேணும்" என்பார். கோதண்டராமன் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பட்டணத்துக்குச் சோதனைக்கு அனுப்பினான். குடிக்க லாயக்கில்லை என்று கடிதம் வந்தது. தெருவைக் கூட்டி வைத்துப் படித்தான்.

"பாட்டில்ல அடைச்சு ரெண்டு நாள் ரயில்ல போனா எந்தத் தண்ணிதான் கெடாது?" என்று கேட்டார் சத்தார் பாய். தெருவே சிரித்தது. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான் அவன்.

ஆனாலும் சத்தார் பாய்க்கு அவனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வேகம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். சாப்பிட மாட்டான், சாக்குச் சொல்லிவிடுவான், அப்போது சாயம் வெளுத்துவிடும் என்பது அவர் கணக்கு. அவன் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவர் மனைவி ஹலீமா பீ சோறும் தால்சாக் குழம்பும் வைத்தார். ஒரு வாய் வைத்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. உப்பை இரண்டு தரம் போட்டிருந்தார்கள். கோதண்டராமனுக்குப் புரையேறி, மடியிலிருந்த நோட்டின் மேல் தால்சா சிந்தியது. ஹலீமா பீ தலையில் கை வைத்துக்கொண்டார்.

சத்தார் பாய் பாதித் தட்டைக் காலி பண்ணிவிட்டு நிமிர்ந்தார். "இன்னா ஹலீமா, உப்பு கம்மியா இருக்குது? அந்தக் கடைக்காரன் இந்த வாட்டி மணலத்தான் ஜாஸ்தி போட்டுட்டான் போல."

வீம்புக்குச் சொல்கிறார், மனைவியை விட்டுக் கொடுக்காமல் பேசுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். கோதண்டராமன் சிரிக்கவில்லை. அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். வெளியே வந்ததும் சுவரோரம் நின்று நோட்டில் ஏதோ எழுதினான்.

"பாத்தியா முனிரத்தினம்?" என்று என் தோளைத் தட்டினார் சத்தார் பாய். "துன்ன சோறு செரிக்கறதுக்குள்ள நம்மளப் பத்தி எழுதுறான்."

சித்திரையில் கிணறு வெட்ட ஆரம்பித்தார்கள். தெருவின் மேட்டுப்பக்கம், தோல் ஷாப்புக்கு எதிர்த்திசையில், பட்டைக் கிடங்கு முதலாளியின் காலி மனையில். அவர் சும்மா கொடுக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் தெரு ஜனங்கள் அதில் தண்ணீர் எடுக்கப் பழகினால் இடம் தெருவுக்கு, இல்லையென்றால் கிணற்றோடு இடம் அவருக்கே என்று எழுதி வாங்கிக்கொண்டார். சத்தார் பாய்க்கு இது போதாதா? அந்த வருஷம் முழுக்க அந்த முதலாளியின் பட்டையில் கலப்படம் என்று அவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தொட்டிகளில் எவ்வளவு பட்டை போட்டாலும் ஏறவில்லை என்பார். சர்தார் பாஷாவும் முணுமுணுத்துக்கொண்டே வண்டி வண்டியாகப் பட்டை கொட்டினார். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது. கலப்படக்காரன் குடுத்த எடத்துல சாக்கடைதான் ஊறும்" என்பார் சத்தார் பாய்.

ஆனால் தண்ணீர் ஊறியது. கண்ணாடியாக ஊறியது. கப்பி கட்டி முதல் வாளி மேலே வந்தபோது தெரு முழுக்க நின்றது, ஒருவரும் கை நீட்டவில்லை. எல்லாரும் சத்தார் பாயைப் பார்த்தோம். அவர் முன்னால் வந்து, கையில் ஏந்தி, தொட்டித் தண்ணீரை உருட்டுவது போலவே நாக்கில் உருட்டினார். துப்பினார். இன்னொரு வாய் எடுத்து அதையும் துப்பினார்.

"செத்த தண்ணி" என்றார். "பிடிப்பே இல்ல. இதுல எதையோ போட்டு இதோட உசுர எடுத்திருக்கான்."

கூட்டம் கலைந்துவிட்டது. நானும்தான் போனேன். வாளியைப் பிடித்தபடி கோதண்டராமன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சத்தார் பாய்க்குப் பின்னால் நின்ற சர்தார் பாஷாவைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு அந்தக் கிணற்றில் நீர் இறைத்தவன் அவன் ஒருவன்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு தனக்கொரு கிணறு வெட்டிக்கொண்டான் என்று அதற்கும் பேசினோம். பழைய தண்ணீரையாவது காய்ச்சிக் குடியுங்கள் என்று வாசல் வாசலாகக் கெஞ்சினான். விறகு உங்கப்பன் தருவானா என்று கேட்டோம். அந்த ஆடியில் தனகோடியின் பெண் பத்து நாள் பேதியில் கிடந்து, தோலும் எலும்புமாக எழுந்தது.

புரட்டாசிக் கடைசியில் ஜஹீதா பிரசவத்துக்கு வந்தாள். இது இரண்டாவது. இரண்டு வருஷத்துக்கு முன் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது பிறந்த ஆண் குழந்தை எங்கள் தெருவிலேயே நாற்பது நாளில் பேதியில் போய்விட்டது. மருத்துவச்சியின் கை சரியில்லை என்று சத்தார் பாய் அவளோடு இன்றுவரை பேசுவதில்லை. ஜஹீதா வண்டியை விட்டு இறங்கி, அம்மா கொடுத்த சொம்பை வாயில் வைத்தவள், அப்படியே வாசலில் துப்பினாள்.

"அத்தா, இன்னா தண்ணி இது? பட்டைத் தொட்டியிலருந்து மொண்டு வந்தீங்களா?"

"கலவைக்குப் போயி ராணி ஆய்ட்டியா நீ?" என்று சிரித்தார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. யாரையும் கேட்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மேட்டுக் கிணற்றுக்குப் போய் மொண்டு வந்தாள். மூன்று டம்ளர் வைத்தாள். ஒன்றில் பழைய தண்ணீர், ஒன்றில் புதுத் தண்ணீர், ஒன்றில் புதுத் தண்ணீரோடு ஒரு பிடி உப்பு. "கண்ண மூடிக்கினு சொல்லுங்க அத்தா" என்றாள். பழையதை வாடையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். மற்ற இரண்டையும் குடித்துவிட்டு, "ரெண்டும் ஒரே செத்த தண்ணி" என்றார். ஹலீமா பீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உப்புக் கரையவில்லை என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். இதெல்லாம் ஹலீமா பீ பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று பிற்பகல் நான் கண்ணால் பார்த்தது வேறு. பச்சைத்தோல் அடுக்கி வைத்த கொட்டகைக்குள் நுழைந்தேன். தோல் கெடாமலிருக்க அடுக்கடுக்காக உப்பு போட்டிருப்போம். சத்தார் பாய் அந்த உப்பை, ரத்தமும் மயிரும் ஒட்டிய உப்பை, கை நிறைய அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். ஐந்து வேளை தொழுகிற மனுஷன். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமே தெரியல முனிரத்தினம்" என்றார். "மண்ணு மாதிரி இருக்குது." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். "பட்டையில கலப்படமே இல்லடா. நாந்தான். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா நாளைக்கே என்னை வெளிய தள்ளிருவான். இல்ல, உங்கூட சுண்ணாம்புல எறக்குவான். இந்த மார்ச்சளியோட நான் ரெண்டு மழை தாங்க மாட்டேன். சொல்லிடாதடா."

சொல்லவில்லை. மூன்று நாள் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் சபைக்காரர்கள் வருவதாக இருந்தது. அன்றோடு ஆறு மாதக் கெடுவும் முடிகிறது. கிணறு கிடங்கு முதலாளிக்குப் போய்விட்டால் ஜஹீதாவின் குழந்தைக்கும் பழைய தண்ணீர்தான். அவருக்கு அது தெரியும். அந்த மூன்று நாளும் அவர் யாரையும் திட்டவில்லை.

பட்டணத்திலிருந்து தலைப்பாகையோடு இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். கிடங்கு முதலாளியின் ஆள் மனையை அளக்கச் சங்கிலியோடு வந்து நின்றான். வேடிக்கை பார்க்கத் தோல் ஷாப்பே வந்துவிட்டது, சர்தார் பாஷா உட்பட. பெரியவர் ஒருவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணீர்தானே? ஏன் யாரும் தொடவில்லை?" என்று கேட்டார்.

கோதண்டராமன் தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பு என்னுடையதுதான் சார். ஜனங்களிடம் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை" என்றான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சத்தார் பாய் வந்தார். வாளியை இறக்கி இறைத்தார். இந்தத் தரம் துப்பவில்லை. மடக் மடக்கென்று குடித்து, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, பெரியவர்களை விட்டுவிட்டு நேராக மேஸ்திரியிடம் திரும்பினார்.

"சர்தார் பாய், தண்ணி சாகல. எந்நாக்குதான் செத்துப்போச்சு. எத்தினி மாசமாச்சோ தெரியாது. நீ கொட்டுன பட்டை அத்தினியும் தண்டம்." பிறகு தெருவைப் பார்த்தார். "எம் பேரனப் பொதைச்சதுக்கு அப்புறமும் நான் அந்தப் பழைய தண்ணியத்தான் மெச்சினேன். இனிமே என்னைக் கேக்காதீங்க. எம் பொண்ணக் கேளுங்க."

ஜஹீதா குடத்தோடு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் தனகோடி போனாள். மற்றவர்கள் போனதை நான் பார்க்கவில்லை. கண் மறைத்துவிட்டது. சங்கிலிக்காரன் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டான். சர்தார் பாஷா ஷாப்பைப் பார்த்து நடந்தார். மறுநாள் காலையில் பட்டைத் தொட்டிக்கு வேறு ஆள் வந்திருந்தான். சத்தார் பாய் என் பக்கத்தில், சுண்ணாம்புத் தண்ணீரில் நின்றார்.

வருஷம் முடிந்து, தை பிறக்கும்போது கோதண்டராமன் கிளம்பினான். ஜஹீதாவின் பெண் குழந்தைக்கு அப்போது மூன்று மாதம், கொழுகொழுவென்று இருந்தது. ரயிலுக்குப் போகிற வழியில் சத்தார் பாயின் வாசலில் நின்று அந்த நோட்டைக் கொடுத்தான். "இதில் என்ன இருக்கிறது என்று ஒரு வருஷமாகக் கேட்டீர்களே பாய். சபைக்கு நகல் எழுதிக் கொடுத்துவிட்டேன், இந்த ஒரு விஷயத்தைத் தவிர. இது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சத்தார் பாய்க்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான்தான் படித்தேன். தெருவில் எத்தனை வீடு, எத்தனை குழந்தை, யாருக்குப் பேதி. தால்சாக் கறை மஞ்சளாகப் படிந்த பக்கம் வந்தது.

"சத்தாருக்கு நாக்கில் சுவை போய்விட்டது. அவருக்கே தெரியவில்லை. மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போகும். யாரிடமும் சொல்லக் கூடாது."

சித்திரை மாதத்துப் பக்கம்: "கிணற்றைச் செத்த தண்ணீர் என்றுவிட்டார். உண்மையைச் சொன்னால் கிணறு பிழைக்கும். இவர் குடும்பம் போய்விடும். சொல்லவில்லை." அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு வரி. "இந்த வாரமும் சொல்லவில்லை." ஆடி மாதத்தில், "தனகோடியின் குழந்தைக்குப் பேதி. சொல்லாதது பாவம். நாளை சொல்லிவிடுவேன்." அடுத்த வாரம், "சொல்லவில்லை."

எனக்கு ஆத்திரமாக வந்தது. தங்கை மகள் சாகக் கிடந்தபோது இவனுக்குத் தெரிந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சத்தார் பாயைப் பார்த்தேன். மூன்று நாள் நான் எதைச் செய்தேனோ அதைத்தானே அவன் ஆறு மாதம் செய்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நோட்டைச் சத்தார் பாயிடம் நீட்டினேன்.

அவர் நோட்டை வாங்கிக்கொண்டார். "நேத்து உக்காந்து எழுதியிருப்பான்" என்றார். விரலால் மையைத் தேய்த்துப் பார்த்தார், அது பழைய மை. கறையை மோந்து பார்த்தார். ஹலீமா பீயைக் கூப்பிட்டு, "இது அந்த வெள்ளிக்கெழம தால்சாதானே?" என்று கேட்டார். அந்த அம்மாள் தலையாட்டினார்.

"முனிரத்தினம், பாசஞ்சர் எத்தினி மணிக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் சொம்பை எடுத்துக்கொண்டு மேட்டுக் கிணற்றுக்கு ஓடினார். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு. நெஞ்சு இழுக்க இழுக்க ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வண்டி கிளம்ப மணி அடித்துவிட்டது. கோதண்டராமன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். சத்தார் பாய் சொம்பை உள்ளே நீட்டினார். மூச்சு வந்ததும் சொன்னார்.

"குட்சுப் பாத்து சொல்லு தம்பி. எப்பிடி இருக்குது? எனக்குத் தெரியாது."

அவன் சொம்பைத் தூக்கிக் குடித்தான். வண்டி நகர ஆரம்பித்திருந்தது.

"தித்திப்பா இருக்கு பாய்!"

சத்தார் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தித்திப்பா இருக்குதாம்" என்றார். நிஜமா என்று என்னைக் கேட்கவில்லை.